பின்னால் நிற்கும் சின்னச் சொல்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மறந்துபோனதனால் அன்று. எழுபத்தெட்டு வயதிலும் பதிகமொன்றை எடுத்தால் ஈற்றடிவரை தவறாமற் சொல்லும் நினைவை இறைவன் எனக்கு விட்டுவைத்திருக்கிறான். தமது பெயரை எந்தத் தாளிலும் ஏற்ற வேண்டாமென்று கேட்டுக்கொண்டவர் அவரே. "என்ட பேர் ஒருக்கா ஒரு தாளில ஏறி, இறங்க நாலு வருசம் எடுத்திச்சு ஐயா. இனி ஏற வேணாம்" என்றார். அந்தச் சொல்லின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

அவரைப் பற்றி எழுதுவதை எங்கள் கோயிற் சபையில் இருவர் விரும்பவில்லை. பழைய புண்ணைக் கிளறுவானேன் என்கிறார்கள். புண் என்னுடையது, கிளறும் உரிமையும் என்னுடையதே. ஆகவே எழுதுகிறேன்.

வாவியை ஒட்டிச் செல்லும் வீதியில், அரசாங்க அலுவலகங்களின் மதிலோரத்தில், ஒருகாலத்தில் ஐந்து மேசைகள் கிடந்தன. மேசைக்கொரு தட்டச்சுப் பொறி. ஆங்கிலத்தில் வந்த கடிதத்தை வாசித்துச் சொல்வதும், ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதித் தருவதும் அங்கிருந்தோரின் தொழில். நால்வர் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்கள். வெள்ளைச் சட்டையும் மூக்குக் கண்ணாடியுமாக இருப்பார்கள். ஐந்தாவது மேசை, வாகை மரத்தின் நிழல் முடிகிற இடத்தில், பாதி வெயிலில் கிடந்தது. அதில்தான் அவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். பின்னிக் கட்டிய கொண்டை, நெற்றியில் நீண்ட திருநீறு, எந்நாளும் முழங்கைவரை மூடிய சட்டை.

அவருடைய மேசையில் தட்டச்சுப் பொறியைத் தவிர மூன்று பொருள்கள் இருந்தன: சில்வர் பேணி ஒன்று, அதற்கொரு மூடி, ஒரு தீப்பெட்டி. பேணி இருந்தாலும் அவர் அதில் நீர் அருந்தி எவரும் கண்டதில்லை. போத்தலை அண்ணாந்துதான் குடிப்பார். தாகத்தோடு வந்த ஒருவர் அந்தப் பேணியை எடுக்கக் கை நீட்டினால், "அத வைங்க. அது குடிக்கிற பேணியில்ல, வேல செய்யிற பேணி" என்பார்.

அந்தப் பேணி செய்த வேலையை நான் பலமுறை வீதியில் நின்று பார்த்திருக்கிறேன்.

"புட் எண்டா என்ன கா?" என்று எதிரே இருக்கும் பெண்ணிடம் கேட்பார்.

"வை எண்டு சொல்லுவாங்க."

"சரி. இந்தா, புட் டவுன்." பேணியைக் கையிலிருந்து மேசையில் வைப்பார். "புட் அவே." பேணி மேசை லாச்சிக்குள் மறையும். "புட் அவுட்." தீக்குச்சியொன்றைக் கிழித்து, எரியவிட்டு, ஊதி அணைப்பார். "எல்லாம் புட் தான். ஆனா ஒண்டுல பேணி இரிக்கி, ஒண்டுல பேணியக் காணல்ல, ஒண்டுல நெருப்பு நூந்து போச்சு. ஏன்? பெரிய சொல்லு மாறல்ல. பின்னால நிக்கிற சின்னச் சொல்லு மாறிச்சு. அதப் பாத்துத்தான் நீ பயப்பிடணும், அதப் பாத்துத்தான் நீ கேள்வி கேக்கணும்."

ஒருமுறை ஒருவர் விடாமற் கேட்டார். "அப்ப, புட் அப் வித்?"

அவர் பேணியைத் தொடவில்லை. தம் நெஞ்சிலே விரலை வைத்தார். "அதுக்குப் பேணி சரிவராது. அதுக்கு நான்தான் சாமான். எல்லாத்தையும் பொறுத்துக்கொண்டு வாயப் பொத்திக்கிட்டு இரிக்கிறது."

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அந்த வழக்கமே அவர். தாம் எழுதப்போகும் கடிதத்தின் ஒவ்வொரு வரியையும் தமிழில் விளக்குவார். பிறகு வந்தவர் அதைத் தம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்குமட்டும் பொறியின்மேல் விரல் வைக்கமாட்டார். பிறர் எழுதிய தாளில் ஒப்பமிட வந்தவருக்கும் அதே விதிதான். கற்றவர், கல்லாதவர், அவசரக்காரர், அழுகிறவர் என்ற வேறுபாடு இல்லை. மற்ற மேசைகளில் மூன்று பேர் எழுந்து போகும் நேரத்தில் இவரிடம் ஒருவரே இருப்பார். அடுத்த மேசைக்காரர் பல்குத்தியபடி கேட்பார்: "என்ன தங்கச்சி, அங்க இன்னும் பிரசவம் ஆகல்லயா?"

"வலி வந்தவக சொல்லட்டும் அண்ணன். மருத்துவிச்சிக்கு என்ன அவசரம்?"

அந்நாளில் நான் பக்கத்து அலுவலகமொன்றில் பிரதம எழுதுவினைஞனாக இருந்து ஓய்வுபெற்றவன். நாவற்குடாவில் எங்கள் குடிக்குரிய கோயிலில் வண்ணக்கர். அதாவது, நிருவாகப் பொறுப்பும் பண்டகசாலைச் சாவியும் என்னிடம் இருந்தன. மாலைப் பூசையில் பதிகம் பாடுவதும் நானே. இலக்கணம் படித்து, பாதிரிமார் பள்ளியில் அடி வாங்கி, நாற்பதாண்டு கோப்புகளில் புழங்கிய ஆங்கிலம் என்னுடையது. அவருடைய ஆங்கிலத்தைக் கேட்டபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சிரிப்பு வந்தது. ஒருநாள் அவர் தட்டச்சு செய்த தாளொன்றை எட்டிப் பார்த்து, "பிள்ளை, இங்கே இறந்தகாலம் வரவேண்டும்" என்றேன்.

"திருத்தித் தாங்க ஐயா, புண்ணியம்" என்று பணிவாகத் தாளை நீட்டினார். திருத்தினேன். வாங்கிக்கொண்டு சொன்னார்: "காலம் பிழைச்சா வாசிக்கிறவன் சிரிப்பான். அவ்வளவுதான். சின்னச் சொல்லு பிழைச்சா சிரிக்க ஆளிரிக்காது."

"எந்தப் பள்ளியில் படித்தாய்?"

"குசினியில, அடுப்படியில."

அவர் கையில் இருந்ததை அன்றுதான் கண்டேன். தாளை வாங்குகையில் சட்டைக் கை மேலேறியது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் சுருங்கி, பாலாடைபோல வெளுத்திருந்தது.

அதன் கதை எனக்கு வேறொரு நாள், வேறொருவரால், கிடைத்தது. கல்குடாவில் கடலோர விடுதியொன்றில் சமைக்கும் ஒருவர். ஐம்பது வயது, தலைமைச் சமையற்காரர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தார். பதில் வந்தது. அதில் 'டேர்ன் டவுன்' என்றிருந்தது. டேர்ன் என்றால் திரும்பு, டவுன் என்றால் கீழே. விடுதியின் அலுவலகம் கீழ்மாடியில். கீழே வரச் சொல்கிறார்கள் என்று கொண்டு, புதுச் சாரமும் இஸ்திரி போட்ட சட்டையுமாகக் கீழ்மாடி வாசலில் காலையிலிருந்து மாலைவரை நின்றிருக்கிறார். யாரும் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லையென்று கேட்டு எழுத இங்கே வந்தார். நான்கு மேசைகளும் அதிரச் சிரித்தன. வீதியில் நின்ற நானும் சிரித்தேன்.

ஐந்தாம் மேசை சிரிக்கவில்லை.

"சிரிக்கிறாக்கள் சிரிக்கட்டும். உங்கட மனுவ வேணாமெண்டு தள்ளிப்போட்டாங்க. அதுதான் அந்தச் சொல்லு. இல்லை எண்டு நேராச் சொல்ல அவகளுக்கு வாய் வரல்ல." பிறகு சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டினார். நான்கு மேசைகளுக்கும் தெரியும்படி கையை உயர்த்தினார். "எனக்கு வெளிநாட்டில வேலை செஞ்ச வீட்டு மேடம் சொன்னா, டேர்ன் டவுன். அடுப்பைக் குறை எண்டு. நான் போய் ஒரு கிழமைதான். திரும்பு, கீழே. கொதிக்கிற பால்ச்சட்டியைத் தூக்கிக் கவுத்தன். நீங்க வாசல்லதானே நிண்டீங்க அண்ணன், நல்லா நிண்டீங்க. இரிங்க. ஏன் தள்ளினீங்க எண்டு கேட்டு எழுதுவம். முதல்ல நீங்க சொல்லுங்க, என்ன கேக்கப்போறம்?"

நால்வரும் தங்கள் பொறிகளைப் பார்த்துக் குனிந்தார்கள். நான் கோயிலுக்கு நேரமாகிறதென்று நடந்தேன்.

அன்று மாலை பதிகம் பாடும்போது நாக்கு ஓரிடத்தில் நின்றது. இறைவனை வேண்டுதல் வேறு. இறைவனிடம் வேண்டுதல் வேறு. முன்னதில் அவனே வேண்டும் பொருள். பின்னதில் அவன் வெறும் கொடையாளி. இரண்டிடத்தும் வினை ஒன்றே. ஐம்பதாண்டுகளாக இரண்டையும் ஒரே குரலில் பாடிவந்திருக்கிறேன். எந்த வேளையில் எதைச் சொன்னேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. குசினியில் ஆங்கிலம் படித்த ஒருவர் எனக்கு இதை நினைவூட்டியது என் செருக்குக்கு உவப்பாக இல்லை. உவப்பாக இல்லாததை மறப்பதில் நான் வல்லவன். மறந்தேன்.

மறந்ததன் பலன் நேசம்மாவின் தலையில் விழுந்தது.

நேசம்மா வாவியில் பிடிபடும் இறாலை வாங்கி, நாவற்குடா ஒழுங்கைகளில் கூவி விற்பவள். கணவன் இல்லை. ஒரே மகள் சுமதி. வளைகுடா நாடொன்றுக்கு வீட்டுவேலைக்குப் போயிருந்தாள். இரண்டாண்டு ஒப்பந்தம் முடிந்து ஐந்து மாதமாகியும் அந்த வீட்டார் அனுப்பவில்லை. ஒருமுறை களவாகத் தொலைபேசியில் அழைத்து, "அம்மா, என்ன எடுங்க. என்ட பாஸ்போட் அவகட்ட இரிக்கி" என்று சொல்லியிருக்கிறாள். அத்தோடு தொடர்பு அறுந்தது.

சுமதியை அனுப்பிவைத்தவன் என் மருமகன். என் தமக்கையின் மகன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவரொருவரின்கீழ் ஓடித்திரிந்தான். எங்கள் குடி வழக்கில் வண்ணக்கர் பொறுப்பு தாய்வழியில் இறங்கும். எனக்குப் பின் அது அவனுக்கு. என் கையிலிருக்கும் சாவியை நான் கொடுக்கவேண்டிய கை அவனுடையது. இதை ஏன் சொல்கிறேனென்றால், வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து ஆட்கள் கலைகையில் நேசம்மா நீட்டிய தாளை நான் எந்த மனத்தோடு வாசித்தேனென்று வாசகர் அறிய வேண்டும்.

"உங்கட மருமகன் தந்த தாள் ஐயா. இதைப் பாத்து வேற தாள்ல டைப் அடிச்சு, நான் கையெழுத்து வச்சுக் குடுக்கணுமாம். புள்ள அங்க சுகமா இரிக்கா எண்டு காட்டுறதுக்காம். என்ன எழுதிக் கிடக்கு?"

என் வலக்கையில் திருநீற்றுத் தட்டு இருந்தது. இடக்கையால் தாளை வாங்கி ஒரு பார்வை பார்த்தேன். ஆங்கிலத்தில் மூன்று வரி. மூன்றாவது வரியில் 'ஸ்டே' என்ற சொல்லைக் கண்டேன்.

"உன் மகள் அங்கே இருப்பதில் உனக்கு மறுப்பில்லை என்றிருக்கிறது."

"அங்கதானே இரிக்கா. அதுல என்ன மறுப்பு?" என்றாள் நேசம்மா. நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு போனாள்.

மறுநாட் காலை மருமகன் தொலைபேசியில் வந்தான். "மாமா, அந்தப் பெட்டிசம் அடிக்கிற பொம்பள தாளை அடிக்க மாட்டன் எண்டு நிக்கா. நேசம்மாக்கு விளங்கல்லயாம். நீங்க வாசிச்சுச் சொன்னதுதானே. ஒரு வார்த்த போய்ச் சொல்லுங்க. இண்டைக்கு நான் அந்தத் தாளைக் குடுக்கணும்."

போனேன். நேசம்மா வெறும் இறாற் கூடையை மடியில் வைத்தபடி ஐந்தாம் மேசையின் முன் இருந்தாள். அவர் கைகளை மடியில் கட்டிக்கொண்டிருந்தார். பொறியில் தாள் ஏறவில்லை.

"பிள்ளை," என்றேன், "இது எங்கள் குடிப் பிள்ளை கொண்டுவந்த தாள். பொருளை நானே சொல்லிவிட்டேன். இந்த ஒருமுறை உன் வழக்கத்தை விடலாகாதா?"

அவர் எழுந்து நின்றார். வயதுக்குரிய மரியாதை அது. குரலில் அது இல்லை.

"நீங்க சொன்னதை இவ அப்பிடியே திருப்பிச் சொன்னா ஐயா. தாள்ல அது இல்ல. அதான் நிப்பாட்டினன். இப்ப திரும்ப வாசிங்க."

வாசித்தேன். 'ஸ்டே' என்பதோடு நின்றுகொண்டேன்.

"அதுக்குப் பின்னால ஒண்டு நிக்குது."

"ஒன்" என்றேன். "மேலே என்று வரும் துணைச்சொல்."

"ஆருக்குத் துணை?" பேணியை எடுத்து என் கையில் தந்தார். "காட்டுங்க ஐயா. ஸ்டே."

வீதியில் போனவர்கள் நின்றார்கள். பேணியை மேசையில் வைத்தேன்.

"சரி. இப்ப ஸ்டே ஒன்."

எனக்குக் கை ஓடவில்லை. பேணி ஏற்கெனவே மேசையில் இருந்தது. அதை வைத்து இனி என்ன செய்வது?

"வச்சிட்டு நீங்க வீட்ட போங்க ஐயா. நாளைக்கு வாங்க. இரிக்கும். நாளண்டைக்கு வாங்க. இரிக்கும். தவணை முடிஞ்சாலும் இரிக்கும். மழை பேஞ்சாலும், பாக்கப்போன நீங்க செத்தாலும், அது அதுபாட்டுக்கு இரிக்கும். அதுதான் ஸ்டே ஒன்."

நேசம்மா பேணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப எப்ப வரும் எண்டு அதுல இல்லயா?"

"இல்ல கா."

"நான் அதுக்கு ஓம் எண்டு கையெழுத்து வைக்கிறதா?"

"ஓம்."

நேசம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் இன்று இதை எழுதும் தேவை இருந்திராது. "நீங்க பூசை முடிஞ்ச கையோட வாசிச்சீங்க ஐயா" என்று மட்டும் சொன்னாள். என்னைக் காப்பாற்றச் சொன்னாளா, குற்றஞ்சாட்டச் சொன்னாளா என்பது இன்றும் எனக்குத் தெரியாது.

மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மருமகன் இறங்கும்போதே தொடங்கினான்: "என்ன கா, பஸ் ஸ்டாண்டு மாதிரிக் கூட்டம்? அடிச்சாச்சா?"

"அடிக்கல்ல. அடிக்கவும் மாட்டன்."

"குசினி இங்கிலீசை வச்சுக்கொண்டு நீ எனக்குப் பாடம் எடுக்கிறயா? எங்கட மாமா இங்கிலீசில கோப்பு எழுதினவர். அவர் சொல்லிட்டார்."

"அவருக்கு நான் கோப்பு எழுதக் காட்டல்ல. பேணி வைக்கத்தான் காட்டினன்."

"நேசம்மாக்கா, உங்களுக்குத்தான் சொல்லுறன். இந்தத் தாள் போகல்லயெண்டா அவங்க சுமதியப் பொலிசில குடுப்பாங்க. பிறகு என்னட்ட வராதீங்க."

நேசம்மாவின் கை கூடையின் விளிம்பைப் பற்றியது. தாய் மனம் அசைவதை நான் கண்ணாற் கண்டேன். அவரும் கண்டார். அப்போதுதான் அவர், எவரிடமும் சொல்லாத ஒன்றை, தணிந்த குரலில், நேசம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"எங்கம்மாட்டயும் இப்பிடி ஒரு தாள் வந்திச்சு. மகள் சுகமா இரிக்கா எண்டு காட்ட எண்டுதான் சொன்னாங்களாம். அம்மாக்கு எழுதத் தெரியாது. பெருவிரல் வச்சா. நான் தவணைக்கு மேல நாலு வருசம் இருந்தன். என்ட பேர் போட்ட தாள மேடம் எனக்கே காட்டினா, உன்ட அம்மா ஓம் எண்டிட்டா எண்டு. நான் அம்மாவத் திட்டிக்கொண்டே நாலு வருசம் சட்டி கழுவினன். திரும்பி வரக்குள்ள அம்மா இல்ல. அவக்கு ஆரும் வாசிச்சுக் காட்டல்ல எண்டு பிறகுதான் தெரியும்."

அடுத்த மேசைக்காரர் தம் பொறியை நிறுத்தியிருந்தார்.

நேசம்மா மருமகன் தந்த தாளை எடுத்தாள். கிழிப்பாள் என்று நினைத்தேன். நான்காக மடித்து, கூடையின் அடியில் விரித்தாள். "நாளைக்கு இறால் போடத் தாள் இல்லாம இருந்திச்சு" என்றாள்.

கூட்டம் சிரித்தது. மருமகன் என்னைப் பார்த்தான். "மாமா, பாத்துக்கொண்டு நிக்கிறீங்க?"

"ஓம்," என்றேன். "இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன்."

அன்று இரண்டு கடிதங்கள் எழுதப்பட்டன. ஒன்று நேசம்மாவுடையது, முகவர் அலுவலகத்துக்கு: ஒப்பந்தம் முடிந்தது, மகளைத் திருப்பி அனுப்பு என்று. அவள் ஒரே மூச்சில் திருப்பிச் சொன்னாள். மற்றது என்னுடையது, வெளிநாட்டு வேலையை மேற்பார்வை செய்யும் அதிகாரிக்கு. தாயின் சம்மதமென்று ஏதேனும் தாள் வந்தால் ஏற்க வேண்டாம் என்று கேட்டிருந்தேன். வாசகத்தை நானே ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, கைகளை மடியில் வைத்தார்.

"இப்ப உங்கட வாயால சொல்லுங்க ஐயா."

"நான்தானே சொன்னேன்!"

"இங்கிலீசில சொன்னீங்க. தமிழில சொல்லுங்க."

நாற்பதாண்டு கோப்புகளில் எத்தனையோ பேருடைய தவறுகளைச் செயப்பாட்டு வினையில் எழுதியிருக்கிறேன்: தவறு நேர்ந்தது, கவனிக்கப்படவில்லை. அவ்வாறே தொடங்கினேன். அவருடைய விரல் அசையவில்லை. மறுபடி தொடங்கினேன். மூன்றாம் முறைதான் வந்தது: "என் மருமகன் கொண்டுவந்த தாளை நான் சரியாகப் பார்க்காமல் இவளுக்குப் பிழையாகச் சொன்னேன். நான் சொன்னதை இவள் நம்பினாள்." பொறி ஒலிக்கத் தொடங்கியது.

நேசம்மாவுக்கு அவர் மூன்று சொற்களைப் பழக்கினார். பேணியை மேசையின் அந்தப் பக்கம் தள்ளி, "சென்ட்." தம் பக்கம் இழுத்து, "சென்ட் பேக்." நடுவில், அவளை என்று, "ஹேர்" என்பதைப் புகுத்த இரண்டு நாள் பிடித்தது. நேசம்மா ஒழுங்கைகளில் நடந்தபடி சொல்லிப் பார்ப்பாள். வேலிப் படலைக்குப் படலை பெண்கள் கேலி செய்தார்கள்: "என்ன நேசம்மா, வெள்ளக்காரனுக்கா இறால் விக்கப்போறா?"

"வெள்ளக்காரனுக்கில்ல. புள்ளயப் புடிச்சு வச்சிரிக்கவனுக்கு."

மட்டக்களப்பு நகரில் இருந்த முகவர் அலுவலகத்துக்கு அவள் நாளாந்தம் போனாள். இறால் விற்று முடித்த ஈரச் சேலையோடு போய், குளிரூட்டிய அறையில் நிற்பாள். நான்காம் நாளிலிருந்து நானும் கூடப் போனேன். வண்ணக்கர் வேட்டி சால்வையோடு இறாற்காரிக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்க்க அங்கே ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அங்கிருந்த மேலாளர் வெளிநாட்டு அலுவலகத்தோடு தொலைபேசியில் பேசுவார். ஒலிபெருக்கியில் மறுமுனைக் குரல் கேட்கும். நேசம்மா வாயைக் கிட்டக் கொண்டுபோய், "சென்ட் ஹேர் பேக்" என்பாள். மறுமுனை ஒவ்வொரு நாளும் ஒரே பதில் சொல்லும்: "வீ ஆர் லுக்கிங் இன்டு இட்."

ஒரு கிழமை இப்படிப் போனது. நேசம்மா ஐந்தாம் மேசைக்கு வந்து, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டாள். அவர் பேணியை எடுத்தார். கண்ணுக்குக் கிட்டப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார்.

"என்ன செய்யிறீங்க?"

"இதுதான் கா. உள்ளுக்கப் பாக்காங்களாம். லுக் ஃபோர் எண்டாத் தேடுறது. லுக் ஆஃப்டர் எண்டாப் பராமரிக்கிறது. ரெண்டும் இல்ல. இது சும்மா உள்ளுக்கப் பாக்கிறது."

மறுநாள் நேசம்மா தன் வீட்டுப் பேணியைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்தாள். ஒலிபெருக்கியில் அதே வாக்கியம் வந்ததும், முடிச்சை அவிழ்த்து, பேணியை மேலாளரின் மேசையில், அவர் மூக்குக்கு நேரே வைத்தாள்.

"பாருங்க தம்பி. நல்லா உள்ளுக்கப் பாருங்க. நான் வீட்ட இரிந்து பாத்துட்டுத்தான் வந்தன். ஒண்டுமில்ல. பாத்தது போதும், புள்ளய அனுப்புங்க."

மேலாளர் பேணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நானும் பேணிக்குள் எட்டிப் பார்த்தேன். உண்மையிலேயே அதில் ஒன்றுமில்லை.

அந்தப் பேணி நாளாந்தம் போய்வந்தது. என் கடிதத்துக்கு அதிகாரியிடமிருந்து பதில் வந்தது. விசாரணைக்கு இருமுறை போனேன். தாயின் சம்மதத் தாள் எங்கும் இல்லாததால் அந்த வீட்டாருக்குக் காட்ட ஒன்றும் இருக்கவில்லை. மூன்றாம் மாதத்தில் சுமதிக்குப் பயணச்சீட்டு வந்தது.

அந்த ஆண்டு குடிக்கூட்டத்தில், கோயிற் சாவியை மருமகனிடம் கொடுக்கமாட்டேன் என்றேன். வழக்கத்தை உடைக்கிறாய் என்றார்கள். என் தமக்கை இறக்கும்வரை என்னோடு பேசவில்லை. அந்தக் கோபத்தின் மிச்சம்தான் இன்று இதை எழுத வேண்டாமென்கிறது. என் பதில் அன்று சொன்னதுதான்: இறைவனுக்கு விளக்கேற்றும் கை, ஒரு தாய்க்குத் தாள் நீட்டி ஏமாற்றிய கையாக இருக்கக்கூடாது. ஏமாற்றிய தாளை வாசித்த கை மட்டும் ஏற்றலாமா என்று ஒருவர் கேட்டார். கேட்டது நியாயம். அன்றே சாவியை என் தங்கையின் மகனிடம் கொடுத்துவிட்டு, பாடுவதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அந்த மேசைகள் இன்று அங்கில்லை. அவர் ஊரை விட்டுப் போய் நெடுங்காலமாகிறது. எங்கேயென்று எனக்குத் தெரியாது. எனக்கு நினைவிருப்பது, சுமதி வந்த மூன்றாம் நாட் காலை.

நேசம்மா அவளைக் கல்லடிப் பாலத்தால் நடத்தியே கூட்டிவந்திருந்தாள். வாவியைப் பார்க்க வேண்டுமென்று மகள் கேட்டாளாம். மெலிந்து, கன்னம் ஒட்டி, யாரையும் நேரே பாராமல் ஐந்தாம் மேசையின் முன் வந்து நின்றாள். "அக்காட்டச் சொல்லு மனே" என்று நேசம்மா முதுகில் தட்டினாள். பெண்ணுக்கு வாய் திறக்கவில்லை.

அவர் இருக்கச் சொல்லவில்லை, நலமும் கேட்கவில்லை. பேணியை எடுத்து, மேசையின் மறுவிளிம்பில், சுமதியின் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தார். கைகளை மடியில் கட்டிக்கொண்டார்.

சுமதி வெகுநேரம் அதைப் பார்த்தாள். பிறகு ஒரு விரலால் அதை மெல்லத் தள்ளினாள். பேணி மேசை நடுவரை வந்தது.

"கேம்" என்றாள், வந்தேன் என்று.

அவர் காத்திருந்தார்.

சுமதி இன்னொருமுறை தள்ளினாள். பேணி அவருடைய மடியருகே வந்து நின்றது.

"பேக்."

அவர் பேணியைக் கையில் எடுத்தார். போத்தல் நீரை ஊற்றி, உள்ளும் புறமும் கழுவி, வாகை மரத்தடியில் கொட்டினார். அடுத்த மேசைக்காரரின் பிளாஸ்கைக் கேளாமலே எடுத்துத் திறந்தார். தேநீரைப் பேணி நிறைய வார்த்து, இரு கைகளாலும் அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

"குடி மனே" என்றார்.